9 வாரத்தில் 14 கிலோ குறைத்தேன், பித்தப்பையும் போயிற்று

2022 டிசம்பரில் ஒரு காலை. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் வழக்கம்போல் கால் வைக்க இடமில்லை. தாம்பரத்திலிருந்தே உட்கார்ந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, "உட்காருங்கள் அக்கா, எத்தனை மாதம்?" என்று கேட்டாள். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஆறு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். கிண்டி வரும்வரை வயிற்றின்மேல் கை வைத்தபடியே வந்தேன். எனக்கு அப்போது வயது 38, மகள் ஏழாம் வகுப்பு. அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. பாவம், நல்ல மனம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் கண்ணில் படக்கூடாது என்று பொதுப்பெட்டியில் நசுங்கிக்கொண்டு போனேன்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 27 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது 60 கிலோ. அந்த டிசம்பரில் 78. உயரம் 158 சென்டிமீட்டர். 11 வருடத்தில் 18 கிலோ என்றால் மாதத்துக்குச் சுமார் 136 கிராம், ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட் அளவு. இந்தக் கணக்கை நான் அன்றே போட்டிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை வந்திருக்காது. ஊரார் கணக்கையெல்லாம் டேலி செய்கிற எனக்கு, மாதம் 136 கிராமாக ஏறியதை மூன்று மாதத்தில் இறக்கிவிடலாம் என்று யாரோ சொன்னபோது எப்படி நம்பத் தோன்றியது என்று இப்போதும் புரியவில்லை.

எப்படி ஏறியது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதம் என்பது மூன்று தேதிகள்தான். 7-ஆம் தேதி டி.டி.எஸ். என்கிற பிடித்த வரியைக் கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி 3பி என்ற மாத ஜி.எஸ்.டி. கணக்கு. அந்த நாள்களை ஒட்டி இரவு எட்டு, ஒன்பது மணிவரை நாற்காலியை விட்டு எழ முடியாது. மார்ச் மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். 11 மணிக்கு டீயுடன் வடை, 4 மணிக்கு காபியுடன் சமோசா, யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். ஒரு நாளைக்கு நான்கு டீ காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றால் 40 கிராம் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நான் வாய்க்குள் எதையும் போடாமலேயே, வெறும் குடிப்பதிலேயே அதைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

2023 ஜனவரியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். மாதச் சந்தா 3,000. வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 21,000 என்றார்கள். கட்டினேன். மொத்தம் 23 நாள் போனேன். காலை ஆறு மணிக்குப் போனால் மகளுக்கு மதியச் சாப்பாடு கட்ட முடியவில்லை. மாலையில் போகலாம் என்றால் 7, 11, 20 குறுக்கே வந்தன. பிப்ரவரியில் நின்றுபோனேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். திரும்பத் தரப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அடுத்தவர் ரசீதையெல்லாம் புரட்டிப் பார்க்கிற நான் என் ரசீதைப் புரட்டிப் பார்க்கவில்லை. எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். கட்டும் முன் உங்கள் அலுவலகத்தின் மிக மோசமான வாரத்தில் அந்த நேரத்துக்கு அங்கே போக முடியுமா என்று பாருங்கள். நான் சேர்ந்தது ஜனவரி முதல் வாரம். புத்தாண்டு உற்சாகத்தில் எல்லாம் முடியும் என்றுதான் தோன்றும்.

அந்த 21,000 பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் வேலை காரணமாக ஓசூரில் இருக்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். வீட்டில் நான், மாமியார், மகள். பணம் வீணாகிவிட்டதே என்ற வெட்கம்தான் என்னை அடுத்த குழிக்குள் தள்ளியது. ஜூனில் ஒரு எடைக்குறைப்புத் திட்டத்தின் விளம்பரம் கைப்பேசியில் வந்தது. மூன்று மாதத்துக்கு 17,500 ரூபாய், அதற்கு மேல் பொடி மாதம் ஒரு டப்பா 3,200. எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். காலையில் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், மதியம் வெள்ளரிக்காயும் அரைக் கிண்ணம் வேகவைத்த காயும், மாலையில் கிரீன் டீ, இரவு மறுபடியும் பொடி. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. கூட்டிப் பார்த்தால் நாளைக்கு 800 கலோரிகூட வராது. அவ்வளவு குறைவான உணவை மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. என்னை வழிநடத்தியவரிடம் அவர் என்ன படித்திருக்கிறார் என்றுகூட நான் கேட்கவில்லை. முகப்புப் படத்தில் வெள்ளைக் கோட்டு இருந்தது, அவ்வளவுதான். இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷனில் பதிவு பெற்றவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்று போடுவார்கள். பணம் கட்டும் முன் அதைக் கேளுங்கள். உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் உணவுப் பட்டியல் அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். என்னிடம் யாரும் அறிக்கை கேட்கவில்லை. கேட்டது எடையும் உயரமும் ஜி.பே. எண்ணும்தான்.

மாமியாரிடம் வயிற்றுப் புண் என்று பொய் சொல்லிவிட்டு டப்பாவை அலுவலக மேசைக்குள் வைத்துக்கொண்டேன். முதல் வாரமே மூன்று கிலோ இறங்கியது. அதில் பெரும்பகுதி வெறும் நீர் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போதோ தலைகால் புரியவில்லை. பழைய ரவிக்கைகள் பொருந்தின. 'மேடம், என்ன ரகசியம்' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். 9 வாரத்தில் 14 கிலோ. அந்த ஒன்பது வாரமும் நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன், அதை மறைக்கமாட்டேன். கூடவே வந்த மற்றவற்றைப் பார்க்க மறுத்தேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மகள் ஒரு சந்தேகம் கேட்டால்கூட எரிந்து விழுந்தேன். எங்கள் வீட்டில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்ப்பது எப்போதும் என் வேலை. 78 கிலோவில் அதைத் தூக்கியவள் 64 கிலோவில் பாதி தூக்கிவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். போனது கொழுப்பு மட்டுமல்ல, தசையும் சேர்ந்து போயிருக்கிறது என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அந்தக் கேன்தான். எடைக்கருவி இதையெல்லாம் பிரித்துக் காட்டாது.

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு 3பி-க்குக் கடைசி நாள் என்பதால் இரவு ஒன்பதுவரை வேலை. அலுவலகப் பையன்கள் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தார்கள். ஒன்பது வாரமாகத் தவம் இருந்தாயிற்று, ஒரு நாள்தானே என்று இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். இரவு இரண்டு மணிக்கு வலி எழுப்பியது. நெஞ்சுக்குழியில் ஆரம்பித்து, வலப்பக்க விலாவுக்குக் கீழே போய், அங்கிருந்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஆணி அடித்த மாதிரி நின்றது. பிரசவ வலி பார்த்தவள் நான், இது வேறு ரகம். படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இரண்டு முறை வாந்தி. வாயுதான் என்று நினைத்து இருட்டில் ஓமத்தண்ணீர் வைத்துக் குடித்தேன். மாமியாரை எழுப்பினால் பொடி விஷயம் வெளியே வந்துவிடுமே என்று சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தேன். அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் வலியைவிட என் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நெஞ்சு வலியாகவும் இருந்திருக்கலாம், அப்படியானால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். மேல்வயிற்றில் வலி வந்து அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், முதுகுக்கோ தோளுக்கோ பரவினால், கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கூடவே காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நம் பெண்களுக்கு எந்த வலி வந்தாலும் அதன் பெயர் வாயு என்பதுதான் பெரிய ஆபத்து.

விடிகாலையில் மாமியார் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து பார்த்தார். "ஏம்மா இப்படிக் கிடக்கிறாய்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். ஒரு தனியார் மருத்துவமனையில் முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள், பிறகு ஸ்கேன். பித்தப்பையில் கற்கள், ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டம். அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில் வேகமாக எடை குறைத்தீர்களா?" என்பதுதான். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அழுதுவிட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமித்துவைக்கும் பை அது. கொழுப்புள்ள உணவு வந்தால் சுருங்கி, பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். உடம்பு வேகமாகக் கொழுப்பைக் கரைக்கும்போது கல்லீரல் பித்தநீருக்குள் கொலஸ்ட்ராலை அதிகமாகத் தள்ளுகிறது. அதே நேரத்தில் சாப்பாட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை என்றால் பைக்குச் சுருங்க வேலையே இல்லை. அடர்ந்த நீர் அப்படியே தேங்கி, படிந்து, கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் இந்த ஆபத்து கூடும். நான் குறைத்தது வாரத்துக்குச் சராசரியாக 1.56 கிலோ. பெண்களுக்கும், ஏற்கெனவே உடல் பருமன் உள்ளவர்களுக்கும் கல் வரும் வாய்ப்பு முதலிலேயே கொஞ்சம் அதிகம். இதில் எல்லாக் கற்களும் அந்த ஒன்பது வாரத்தில் வந்தவைதானா என்று கேட்டேன். முன்பே ஸ்கேன் எடுத்திருந்தால்தான் அதைச் சொல்ல முடியும் என்றார்.

லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பையை எடுத்தார்கள். மொத்தச் செலவு 1,08,000. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் எனக்கு இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கிடையாது. நிறுவனத்தில் குழுக் காப்பீடும் இல்லை. நானே 2022 ஜூனில் எடுத்த பாலிசி இருந்தது. விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள். பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் என்று பாலிசியில் இருந்திருக்கிறது. நான் 14-ஆவது மாதத்தில் இருந்தேன். விபத்து தவிர எல்லாவற்றுக்கும் முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு என்பது தெரியும். குடலிறக்கம், கண்புரை, கல் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு என்பது தெரியாது. உங்கள் பாலிசியை இன்றிரவே எடுத்து அந்தப் பட்டியலைப் படியுங்கள். ஒரு பக்கம்தான் இருக்கும். இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும் வங்கிக்குப் போயின. உடற்பயிற்சிக் கூடம், திட்டம், மூன்று டப்பா பொடி, அறுவை எல்லாம் சேர்த்து 1,56,100 ரூபாய். இதுபோக ஆறு நாள் சம்பளப் பிடித்தம்.

அறுவைக்குப் பிறகு சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பியது. ஐந்தே மாதத்தில் 64 என்பது 73 ஆயிற்று. இது எனக்குப் பெரிய அடி. பணமும் போய், ஒரு உறுப்பும் போய், ஏறியது ஏறியபடியே என்றால் என்ன செய்வது? 2024 பிப்ரவரியில் ஒரு அரசு மருத்துவமனையின் உணவியல் பிரிவுக்குப் போனேன். அங்கே எனக்குச் செலவு ரயில் டிக்கெட் மட்டும்தான். உணவியல் நிபுணரான அந்த அம்மா முதலில் தைராய்டும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் (எச்பிஏ1சி) பார்க்கச் சொன்னார். தைராய்டில் குறை இல்லை. எனக்கு அதில் லேசான ஏமாற்றம்கூட, பழி போட ஒன்று கிடைத்திருக்கும். சர்க்கரை 6.1, அதாவது நீரிழிவின் வாசலில் நிற்கிறேன். பிறகு ஒரு தையல் நாடாவை எடுத்து இடுப்பை அளந்தார். 95 சென்டிமீட்டர். "கிலோவை மறந்துவிடுங்கள், இதை எழுதிவையுங்கள்" என்றார். இந்தியப் பெண்களுக்கு 80-க்குள்ளும் ஆண்களுக்கு 90-க்குள்ளும் இருக்க வேண்டுமாம். உயரத்தில் பாதிக்கு மேல் இடுப்பு போகக் கூடாது என்ற எளிய கணக்கும் உண்டு. எனக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன.

இப்போது நான் செய்வதெல்லாம் 20-ஆம் தேதியை வைத்துத்தான். எந்தப் பழக்கத்தைச் சேர்ப்பதென்றாலும் அந்த வாரத்தில் அது நிற்குமா என்று பார்க்கிறேன், நிற்காது என்றால் சேர்ப்பதில்லை. கிண்டி ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குப் பத்து ரூபாய் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். இப்போது போகவும் வரவும் நடக்கிறேன், ஒரு வழிக்குப் பதினெட்டு நிமிடம். எந்தத் தேதியானாலும் அலுவலகம் போய்த்தானே ஆகவேண்டும், அதனால் இந்த நடை தவறுவதே இல்லை. ஐந்து நாளில் 180 நிமிடம் வந்துவிடுகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி போதும் என்கிறார்கள், சற்று மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் தொழிற்பேட்டைத் தெருக்கள் குளமாகிவிடும், அப்போது மொட்டைமாடியில் எட்டு போட்டு நடப்பேன். பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயர் அது, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு அல்ல. எனக்கு ஆறாயிரம், ஏழாயிரம்தான் வருகிறது.

நடை மட்டும் போதவில்லை, தசைக்கும் வேலை வேண்டும் என்றார் அந்த அம்மா. அறுவைப் புண் நன்றாக ஆறிய பிறகுதான் இதையெல்லாம் ஆரம்பித்தேன். அலுவலக நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மேசை விளிம்பைப் பிடித்துத் தண்டால் மாதிரி இறங்கி ஏறுவது, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். முதலில் அலுவலகத்தில் சிரித்தார்கள். இப்போது என் பக்கத்து மேசைக்காரர் மணிக்கு ஒருமுறை தானே எழுந்து நின்று கோப்பு பார்க்கிறார்.

சாப்பாட்டில் எதையும் விலக்கவில்லை. அளவையும் வரிசையையும் மாற்றினேன். டிபன் பாக்ஸில் சோறு வைப்பது மாமியார். அன்பு முழுவதையும் கரண்டியால் அழுத்தி வைப்பார். "அத்தை, சோறு ஒன்றரைக் கரண்டி, மீதி இடம் முழுவதும் பொரியலும் கூட்டும்" என்று கேட்டதற்கு நான்கு நாள் பேசவில்லை. பிறகு அவரே சுண்டல் அவிக்க ஆரம்பித்தார். மாலை நான்கு மணிப் பசிக்கு அந்தச் சுண்டல்தான் சமோசாவிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறது. வீட்டிலிருந்து எதுவும் எடுத்துப் போகாமல் மன உறுதியை மட்டும் எடுத்துப் போனால் நான்கு மணிக்கு அது பலிக்காது. காலையில் இரண்டு முட்டை, ஏறக்குறைய 12 கிராம் புரதம். டீ காபி நான்கை இரண்டாக்கினேன், சர்க்கரையை அரைத் தேக்கரண்டியாக. முழுவதும் நிறுத்திப் பார்த்தேன், பத்து நாளில் கேக் மேல் பாய்ந்துவிட்டேன். பிறந்தநாள் கேக் இப்போதும் சாப்பிடுகிறேன், ஒரு துண்டு, உட்கார்ந்து, ருசித்து. நல்லெண்ணெய் இல்லாத இட்லிப் பொடியை இனி இந்த ஜென்மத்தில் தொடமாட்டேன்.

மாதம் ஒரு முறை, முதல் ஞாயிறு மட்டும் எடை பார்க்கிறேன். 14 மாதத்தில் 73-லிருந்து 67. மாதத்துக்கு அரைக் கிலோகூட இல்லை. மருத்துவர்கள் வாரத்துக்கு அரையிலிருந்து ஒரு கிலோவரை பாதுகாப்பு என்கிறார்கள், நான் அதைவிட மெதுவாகப் போகிறேன். இரண்டு மார்ச் மாதங்களில் ஒரு கிராம்கூட இறங்கவில்லை, ஏறவும் இல்லை. மார்ச்சில் ஏறாமல் இருப்பதே எனக்குப் பெரிது. இடுப்பு 95-லிருந்து 86, சர்க்கரை 5.8. முடி மறுபடியும் வளர்ந்துவிட்டது. தண்ணீர்க் கேனைத் தூக்குகிறேன்.

கணவரிடம் மொத்தக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், வாயால் சொல்ல வரவில்லை. இரண்டு முறை படித்துவிட்டு, "அந்த 23 நாள் ஜிம்மில் ஒரு நாளைக்கு 913 ரூபாய் ஆகியிருக்கிறது, தெரியுமா?" என்றார். அவர் திட்டியது அவ்வளவுதான். மூன்றாவது டப்பா பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, மாமியார் பொடியைக் கொட்டிவிட்டு அதில் கொத்தமல்லி விதை போட்டு வைத்திருக்கிறார். வளையல்களை மீட்டுவிட்டேன். சங்கிலி இன்னும் வங்கியில் இருக்கிறது. அதற்கு வட்டி கட்டும் நாளும் 20-ஆம் தேதிதான்.